தொட்டபெட்டா சோலையில பாத்த அந்த கருப்பு ஆரஞ்சு குருவி

நீங்க கேட்டது இதுதான். தொட்டபெட்டா போற ரோட்ல வண்டிய ஓரங்கட்டி நின்னப்போ சோலைக்குள்ள முழங்கால் உயரத்துல ஒரு சின்ன குருவி, தலையும் ரெக்கையும் கருப்பு, மீதியெல்லாம் ஆரஞ்சு, ரெண்டு நிமிஷம் அப்படியே உக்காந்திருந்துட்டு புதருக்குள்ள போயிருச்சு, கூட வந்தவர் மின்சிட்டுன்னு சொன்னார், போட்டோ இருட்டா வந்திருக்கு, அது என்ன பறவை, எங்க ஊர்லயும் பாக்க முடியுமா.

மின்சிட்டு இல்லங்க. கூட வந்தவர் மேல தப்பு சொல்ல முடியாது, கருப்பும் ஆரஞ்சும்னு சொன்னா யாருக்கும் முதல்ல மின்சிட்டு ஞாபகம்தான் வரும். ஆனா மின்சிட்டு மரத்து உச்சியில திரியற ஆளு, கூட்டமா வரும், வால் நீளம், சாதாரணமா முழங்கால் உயரத்துக்கு இறங்கி உங்க முன்னாடி வந்து உக்காராது. அத விட முக்கியமான வித்தியாசம் முதுகு. மின்சிட்டு ஆணுக்கு முதுகு கருப்பு, வயிறுதான் ஆரஞ்சு. நீங்க பாத்ததுக்கு தலை கருப்பு, ரெக்கை கருப்பு, ஆனா முதுகு, இடுப்பு, வால், நெஞ்சு, வயிறு எல்லாம் ஆரஞ்சு. அந்த மலையில இப்படி கலர் இருக்கற, தரையோட ஒட்டி வாழற சின்னக்குருவி ஒண்ணே ஒண்ணுதான். கருப்பு-ஆரஞ்சு ஈப்பிடிப்பான். அறிவியல் பேர் ஃபிசெடுலா நைக்ரோரூஃபா, அந்த ரெண்டாவது வார்த்தைக்கு அர்த்தமே கருப்பு-செம்மைதான், பேர் வச்சவங்க ரொம்ப யோசிக்கல.

சைஸ் பாத்தீங்கன்னா 11லேர்ந்து 13 சென்டிமீட்டர், சிட்டுக்குருவிய விட சின்னது. உருண்டையா, கழுத்தே இல்லாத மாதிரி உக்காரும், கண்ணு பெருசா கருப்பா இருக்கும். அந்த கண்ணப் பத்தி ஒரு வார்த்தை, சோலைக்குள்ள பகல் 12 மணிக்கும் சாயங்காலம் மாதிரிதான் வெளிச்சம் இருக்கும், அந்த மங்கல்லயே இலைக்கு அடியில நகர்ற பூச்சிய இது பாத்து எடுக்கணும்.

நீங்க பாத்தது ஆண். பெண்ணுக்கு ஆரஞ்சு அப்படியே இருக்கும், கொஞ்சம் மங்கலா, ஆனா கருப்பு இருக்கற இடமெல்லாம் பழுப்பா மாறிடும், கண்ண சுத்தி வெளிறின ஒரு வளையம் இருக்கும். நிறைய பேர் பெண்ண பாத்துட்டு இது வேற ஏதோ பறவைன்னு நினைச்சு புத்தகத்தை புரட்டுவாங்க, நானே முதல் தடவ கோடைக்கானல்ல வட்டக்கானல் பக்கம் பெண்ண பாத்துட்டு ஒரு நாள் பூரா குழம்பியிருக்கேன், அடுத்த நாள் காலைல அதே புதர்ல ஆணும் பெண்ணும் சேர்ந்து உக்காந்திருந்தப்பதான் விஷயம் புரிஞ்சுது. பெரும்பாலும் தனியா இல்ல ஜோடியாதான் இருக்கும், கூட்டமா பாக்க மாட்டீங்க.

இப்ப பேருக்கு வருவோம், ஏன்னா இந்த பறவைய தேடறவங்க ஏமாறறதே பேரால தான். ஈப்பிடிப்பான்னு சொன்னதும் நாம என்ன எதிர்பாக்கறோம், ஒரு மொட்டை கிளையில உக்காந்திருக்கும், பூச்சி பறந்து வந்தா பாஞ்சு காத்துலயே பிடிச்சுட்டு திரும்ப அதே கிளைக்கு வரும்னு. அந்த குடும்பத்துல நிறைய பறவைங்க அப்படித்தான் செய்யுது, அலகு கொஞ்சம் தட்டையா அகலமா இருக்கும், வாய் ஓரத்துல மீசை மாதிரி முடி இருக்கும். இந்த ஆளு ஆனா பெரும்பாலும் அந்த வேலைக்கு போறதில்ல. தாழ்வான குச்சியில உக்காந்து கீழ பாத்துக்கிட்டே இருக்கும், இலைச்சருகுல ஏதாவது அசைஞ்சா பொத்துன்னு இறங்கி எடுத்துட்டு மறுபடி குச்சிக்கு ஏறும், சில நேரம் புதர் இலையிலேயே எட்டி எடுக்கும், பக்கத்துல பூச்சி பறந்தா ஒரு சின்ன பாய்ச்சல் பாயும், அவ்வளவுதான். அதனால ஈப்பிடிப்பான் தேடறேன்னு அண்ணாந்து மரத்த பாத்துக்கிட்டே நடந்தீங்கன்னா காலுக்கு பக்கத்துல இருக்கறத விட்டுடுவீங்க. உங்களுக்கு தெரிஞ்சதுக்கு காரணம் நீங்க தேடாம சும்மா நின்னதுதான்னு நினைக்கிறேன்.

பறவை ஆராய்ச்சிக்காரங்களும் இதுல குழம்பினவங்கதான். மெட்ராஸ் ராணுவத்துல டாக்டரா இருந்த ஜெர்டன் 1839ல முதல்ல இத விவரிச்சு எழுதறப்போ புதர்ச்சிட்டு இருக்கற சாக்சிகோலா பேரினத்துல கொண்டுபோய் வச்சார். பின்னாடி ஈப்பிடிப்பான்ல சேத்தாங்க, அப்புறம் இது எதோடயும் ஒட்டலன்னு ஓக்ரோமேலான்னு இதுக்கு மட்டுமே தனி பேரினம் குடுத்தாங்க, இப்ப ஃபிசெடுலாவுல இருக்கு. பழக்கவழக்கம் மட்டும் இல்ல, கூடும் வித்தியாசம். இந்த சொந்தக்காரங்க நிறைய பேர் மரப்பொந்துலயோ பாறை இடுக்குலயோ கிண்ணம் மாதிரி கூடு வைக்கும். இது தாழ்வான புதர்ல, தரையிலேர்ந்து ரெண்டு மூணு அடிக்குள்ள, கோரைப்புல் இலையும் பெரணி இலையும் வச்சு உருண்டையா ஒரு பந்து மாதிரி கட்டி பக்கவாட்டுல வாசல் வைக்கும். பாத்தா காத்துல வந்து புதர்ல மாட்டின சருகு மூட்டை மாதிரிதான் இருக்கும், பக்கத்துல நின்னாலும் கூடுன்னு தோணாது. முட்டை பொதுவா ரெண்டுதான், சாம்பல் கலந்த வெள்ளையில பொடிப்புள்ளி. மார்ச்லேர்ந்து மே ஜூன் வரைக்கும் இந்த வேலை நடக்கும்.

இனி இடம். இது மேற்குத் தொடர்ச்சி மலைய விட்டா உலகத்துல வேற எங்கயும் கிடையாது. அந்த மலையிலயும் எல்லா இடத்துலயும் இல்ல, வடக்க கர்நாடகாவுல பாபாபுதன்கிரி பக்கத்துலேர்ந்து ஆரம்பிச்சு நீலகிரி, ஆனைமலை, பழனி மலை, அப்படியே தெக்க கேரள தமிழ்நாட்டு மலைங்க வரைக்கும். அதுலயும் உயரமான பகுதியில தான் எண்ணிக்கை அதிகம், 1500 மீட்டருக்கு மேல போனா சகஜமா பாக்கலாம், அதுக்கு கீழ கொஞ்சம் இடத்துல இருக்கு, குறைவு. தொட்டபெட்டா 2637 மீட்டர், ஊட்டி டவுனே 2200க்கு மேல, கோடைக்கானல் 2100 சுமார், அதனாலதான் இந்த ரெண்டு ஊர் பக்கமும் இது சுலபமா கிடைக்குது.

உயரம் மட்டும் போதாது, சோலை வேணும். சோலைன்னா நாம பாட்டுல கேக்கற பூஞ்சோலை இல்ல, இந்த மலைங்கள்ல மேல்மட்டத்துல இருக்கற ஒரு தனி வகை காடு. புல்வெளியான குன்றுகளுக்கு நடுவுல, தண்ணி ஓடற மடிப்புல மட்டும் திட்டு திட்டா அடர்த்தியா இருக்கும். தூரத்துலேர்ந்து பாத்தா காலிஃபிளவர் அடுக்கி வச்ச மாதிரி மரத்து தலையெல்லாம் உருண்டையா தெரியும். மரங்க ரொம்ப உயரம் போகாது, குளிரும் காத்தும் விடாது, கிளையெல்லாம் கோணல்மாணலா முறுக்கிக்கிட்டு பாசி படிஞ்சு இருக்கும். வெளிய புல்வெளியில டிசம்பர் ஜனவரி ராத்திரில உறைபனி விழும், காலைல வெள்ளையா உப்பு தூவின மாதிரி கெடக்கும், ஆனா சோலைக்குள்ள அந்த பனி இறங்காது, மரக்கூரை ஒரு போர்வை மாதிரி கீழ இருக்கற சூட்ட பிடிச்சு வச்சுக்கும். திறந்தவெளியில முளைக்கற சோலை மரக்கன்னுங்கள இந்த பனி கருக்கிடறதுதான் காடு குன்று மேல ஏறாம மடிப்புக்குள்ளயே நிக்கறதுக்கு ஒரு காரணம்னு சொல்றாங்க.

நம்ம ஆளுக்கு வேண்டியது இந்த சோலையோட தரை. மேல என்ன மரம் இருக்குங்கறது அதுக்கு ரெண்டாம் பட்சம், கீழ புதர் அடர்த்தியா இருக்கணும், குறிஞ்சி வகை செடிங்க, பெரணி, சின்ன மூங்கில், கணுக்கால் வரைக்கும் ஈரச்சருகு. குறிஞ்சின்னா 12 வருஷத்துக்கு ஒருக்கா 2006லயும் 2018லயும் புல்வெளிய நீலமாக்கின அந்த ஒரு செடிய மட்டும் நினைக்காதீங்க, அந்த பேரினத்துல ஏகப்பட்ட வகை இருக்கு, அதுல சிலது சோலைக்குள்ள நிழல்ல ஆள் உயரத்துக்கு வளந்து நிக்கும். அந்த தண்டுங்களுக்கு நடுவுல, தரையிலேர்ந்து ஒரு மீட்டர் ரெண்டு மீட்டருக்குள்ள தான் இந்த குருவியோட பிழைப்பு. உச்சிக்கிளைக்கு போய் நான் பாத்ததே இல்ல.

ஒரே சோலையில மத்த ஈப்பிடிப்பானுங்களும் இருக்கு, ஆனா ஆளுக்கொரு மாடி. கீழ் வீடு இதுக்கு. நடு மாடிலயும் காட்டு ஓரத்துலயும் நீலகிரி ஈப்பிடிப்பான் இருக்கும், ஆண் நல்ல கருநீலம், வால் அடியில ஒரு வெள்ளைத் திட்டு, அது வெளிச்சத்துக்கு வந்து உக்காந்து பாடற ஜாதி, பூச்சியோட பழமும் சாப்பிடும். நடுவுல சாம்பல் தலையும் மஞ்சள் வயிறுமா ஒரு சுறுசுறுப்பான குருவி ஒரு நிமிஷம் உக்காராம பாஞ்சுக்கிட்டே இருக்கும், அதுக்கும் ஈப்பிடிப்பான்னு தான் பேர் ஆனா அது வேற குடும்பம், உறவே இல்ல, தொழில் ஒண்ணுங்கறதால ஒரே பேர் வந்துடுச்சு. அரசவால் ஈப்பிடிப்பானும் அப்படித்தான், அந்த நீள வெள்ளை வால் காரர், அவரும் வேற குடும்பம். தரையில இதுக்கு பக்கத்து வீடுன்னு சொன்னா சோலைக்கிளி. கிளி கிடையாது, நீலமா இருக்கற, கால் நீண்ட, கூச்ச சுபாவமுள்ள ஒரு பறவை, ஈப்பிடிப்பான் குடும்பம்தான். 2017ல அதுக்கு நம்ம சோலைங்கற வார்த்தையவே வச்சு சோலிகோலான்னு பேரினம் உண்டாக்கினாங்க. அதுல ஒரு சுவாரசியம் என்னன்னா பாலக்காட்டு கணவாய்க்கு வடக்க நீலகிரி பக்கம் இருக்கறது ஒரு இனம், தெக்க ஆனைமலை பழனி பக்கம் இருக்கறது வேற இனம், நடுவுல இருக்கற அந்த தாழ்வான வெக்கையான சமவெளிய தாண்ட முடியாம லட்சக்கணக்கான வருஷமா பிரிஞ்சு கெடந்து தனித்தனியா ஆயிருச்சு. நம்ம கருப்பு-ஆரஞ்சு மட்டும் ரெண்டு பக்கமும் அதே இனமா தான் இருக்கு.

சத்தம்னு பாத்தா மெல்லிசா, உச்சஸ்தாயில, பூச்சி கத்தற மாதிரி இருக்கும். பீ-ன்னு இழுத்து திரும்ப திரும்ப வரும், பயந்தா ஸிட் ஸிட்னு வெட்டு வெட்டா. காது கொஞ்சம் மந்தமானவங்களுக்கு கேக்கவே கேக்காது, பொய் சொல்லல, நடைக்கு என் கூட வர்ற ஒரு பெரியவருக்கு பக்கத்துல நின்னு பாடினாலும் தெரியாது, அவர் புதர் அசையறத வச்சே கண்டுபிடிப்பார், பாதி நேரம் எனக்கு முன்னாடி.

வலசை போகாது. குளிர்காலத்துல வடக்கேர்ந்து இதே மலைக்கு வேற ஈப்பிடிப்பானுங்க வரும், பழுப்பு ஈப்பிடிப்பான் வரும், அபூர்வமா காஷ்மீர் ஈப்பிடிப்பான் வரும் (அதுக்கும் கீழ்ப்பக்கம் ஆரஞ்சு, ஆனா முதுகு சாம்பல், அத வச்சு பிரிச்சுடலாம்), அதுங்கள்லாம் இமயமலை பக்கத்துலேர்ந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வருதுங்க. நம்ம ஆளு பொறந்த சோலையிலயோ அதுக்கு பக்கத்துலயோ தான் வருஷம் பூரா. ஒரு ஜோடிக்கு ஒரு துண்டு இடம்னு பிரிச்சுக்கிட்டு அதுக்குள்ளயே சுத்தும், அதனால ஒரு தடவ பாத்த இடத்துல அடுத்த வருஷம் போனாலும் அதே புதர்ல கிடைக்க வாய்ப்பு அதிகம். உங்க இடத்த குறிச்சு வச்சுக்கோங்க.

இவ்வளவு சுலபமா கிடைக்குதே அப்ப இது நிறைய இருக்கற பறவையான்னு கேட்டா, இருக்கற இடத்துல நிறைய இருக்கு, ஆனா இருக்கற இடம் கொஞ்சம். இந்த வித்தியாசத்த நிறைய பேர் கவனிக்கறதில்ல. ஒரு நல்ல சோலையில காலைல ரெண்டு மணி நேரம் நடந்தா நாலஞ்சு ஜோடி பாத்துடலாம், ஆஹா எவ்வளவு இருக்குன்னு தோணும், வெளிய வந்து திரும்பி பாத்தா சுத்தியும் தேயிலை, கேரட், உருளைக்கிழங்கு, கற்பூர மரம் (யூகலிப்டஸ்தான்), வாட்டில் மரம். வெள்ளைக்காரன் காலத்துல 1800கள்ல ஆரம்பிச்சது, விறகுக்கு, தோல் பதனிடற பட்டைக்குன்னு ஆஸ்திரேலியா மரங்கள கொண்டு வந்து நட்டாங்க, அதுல பெரிய அடி வாங்கினது புல்வெளிதான், சோலையும் துண்டு துண்டா போச்சு. கற்பூர மரத்தோப்புக்குள்ள போய் பாருங்க, தரையில காஞ்ச இலையும் பட்டையும் கெடக்கும், புதர்னு ஒண்ணும் பெருசா இருக்காது, இந்த குருவிக்கு அங்க வேலையே இல்ல. வாட்டில் கொஞ்சம் பரவால்ல, பழைய வாட்டில் தோப்புல பக்கத்து சோலையிலேர்ந்து விதை விழுந்து நிழல்ல சோலைச்செடிங்க முளைச்சு வந்திருக்கற இடங்க இருக்கு, கீழ் அடர்த்தி திரும்பினா இதுவும் எட்டிப்பாக்கும். வாட்டில வெட்டணுமா விடணுமான்னு அங்க பெரிய சண்டையே இருக்கு, புல்வெளி ஆளுங்க வெட்டுங்கறாங்க, சோலை ஆளுங்க பொறு பொறுங்கறாங்க, என் கட்சி என்னன்னா முன்னாடி புல்வெளியா இருந்த இடத்துல வெட்டணும், ஏற்கனவே சோலை முளைச்சுட்ட இடத்துல கை வைக்கக்கூடாது. ஒரே சட்டத்த ரெண்டுக்கும் போடறதுலதான் தப்பு.

அப்புறம் இன்னொரு கவலை இருக்கு. இது குளிர்மலைக்கு பழகின பறவை. கீழ வெக்கை ஏற ஏற மத்த பறவைங்க கொஞ்சம் கொஞ்சமா மேல ஏறி சமாளிக்கலாம். தொட்டபெட்டா உச்சியில இருக்கறது எங்க ஏறும், அதுக்கு மேல வானம்தான். சோலைத் திட்டு ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் நடுவுல தோட்டமும் ரோடும் வந்துட்டா, அடர்த்திக்கு வெளிய தலை காட்டவே தயங்கற இது அந்த பக்கம் தாண்டுமாங்கறதும் கேள்விதான். அதனால பெரிய காடு மாதிரியே சின்ன சின்ன துண்டுக்கும் மதிப்பு இருக்கு, கோத்தகிரி லாங்வுட் சோலை 116 ஹெக்டேர் தான், ஊருக்கு பக்கத்துல ஒட்டிக்கிட்டு இருக்கு, சுத்தி இருக்கற கிராமங்களுக்கு தண்ணியும் அதுலேர்ந்துதான், 2024ல ராம்சார் பட்டியல்ல, அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலங்க பட்டியல்ல சேத்தாங்க. அங்க காலைல போனீங்கன்னா இந்த ஈப்பிடிப்பான பாக்கலாம்.

மறுபடி பாக்க போறீங்கன்னா சில விஷயம். காலைல வெயில் ஏறறதுக்கு முன்னாடி போங்க. நடந்துக்கிட்டே தேடாதீங்க, ஓடை தாண்டற இடம் மாதிரி ஈரமான வளைவுல ஒரு கால் மணி நேரம் ஆடாம நில்லுங்க, பயப்படற பறவை இல்ல, நீங்க அசையலன்னா ரெண்டு மூணு மீட்டர்ல வந்து உக்காரும். பாதைய விட்டு உள்ள இறங்காதீங்க, அனுமதி விஷயம் ஒரு பக்கம், நான் சொன்ன அந்த சருகு மூட்டை கூடு உங்க கால்ல பட்டுடும். மொபைல்ல சத்தத்த போட்டு வரவழைக்கறது வேண்டவே வேண்டாம், அதுலயும் மார்ச்லேர்ந்து ஜூன் வரைக்கும் அது முட்டைய, குஞ்ச விட்டுட்டு இல்லாத எதிரிய தேடி அலையும். ஃபிளாஷும் வேண்டாம். மழைக்காலம்னா அட்டை கடிக்கும், காலுறைக்கு மேல இன்னொரு காலுறை போட்டுட்டு போங்க, உப்பு கையில இருக்கட்டும்.

எங்க ஊர்ல பாக்க முடியுமான்னு கேட்டீங்க, சமவெளின்னா முடியாது. ஆனா மரம் அடர்ந்த தோப்போ மலையடிவாரமோ பக்கத்துல இருந்தா நீல முதுகும் ஆரஞ்சு நெஞ்சுமா ஒரு ஈப்பிடிப்பான் இருக்கும், குளிர்காலத்துல அரசவாலும் வரும், அதுங்கள வச்சு கண்ண பழக்கிக்கோங்க.

அந்த இருட்டு போட்டோவ டிலீட் பண்ணிடாதீங்க. போன்லயே வெளிச்சத்த ஏத்தி ரெண்டு ரெக்கைக்கும் நடுவுல முதுக மட்டும் பெருசு பண்ணி பாருங்க. அங்க ஆரஞ்சு தெரிஞ்சா கூட வந்தவர்கிட்ட தாராளமா காட்டலாம்.